மழை ஜாக்கெட்டில் 20,000 எம்எம் என்று போட்டிருந்தால் நம்பலாமா? ஒரு வருடப் பயணத்துக்கான துணிமணிகளை வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் தொடர்ந்து பயணம் போகப் போகிறீர்கள். ஜூனில் வால்பாறை, அகும்பே என்று மழையோடு தொடங்கி, மழை விட்டதும் இமாச்சல், லடாக் பக்கம் நடப்பது திட்டம். தோளில் ஒரே பை. விமர்சனங்களைப் படித்துப் படித்துக் குழப்பம்தான் மிச்சம். ஒரு ஜாக்கெட்டில் 10,000 எம்எம், இன்னொன்றில் 20,000 எம்எம், விலை இரண்டு மடங்கு, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஜாக்கெட்டைப் பற்றிய கேள்வி. ஆனால் வாங்கின சாமான் நடுவழியில் கைவிடாது என்பதைக் கிளம்பும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அதற்குள் இருக்கிற கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் கோவையில் ஒரு துணிப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறவன். திருப்பூர் பனியன் துணியிலிருந்து ஏற்றுமதிக்குப் போகும் மழை ஜாக்கெட் வரை வெட்டி, நனைத்து, தேய்த்து, துவைத்து ரிப்போர்ட் கொடுப்பது எங்கள் வேலை. லீவு கிடைத்தால் மலைக்குப் போய்விடுவேன். அதனால் துணியைப் பற்றிச் சொல்வதை உறுதியாகவே சொல்கிறேன். ஷூ, ஸ்லீப்பிங் பேக் பற்றிச் சொல்வதில் பாதி படித்தது, பாதி நடந்து பழகியது.

முதலில் அந்த எம்எம். அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். ஐஎஸ்ஓ 811 என்ற முறைப்படி, துணித் துண்டு ஒன்றை வட்ட வளையத்தில் இறுக்கிப் பிடித்து, அடியிலிருந்து தண்ணீரின் அழுத்தத்தைச் சீராக ஏற்றிக்கொண்டே போவோம். லைட்டைப் போட்டுக்கொண்டு மேற்பரப்பைக் குனிந்து பார்த்தபடியே இருக்க வேண்டும். ஓர் இடத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளி மின்னும். சற்று நேரத்தில் வேறோர் இடத்தில் இன்னொன்று. மூன்றாவது துளி தெரிகிற நொடியில் என்ன அழுத்தமோ அதைத்தான் ரிப்போர்ட்டில் எழுதுவோம். 20,000 எம்எம் என்றால் 20 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை அந்தத் துண்டு தாங்கியது என்று பொருள். ஒழுங்கான கம்பெனியின் லேபிள் என்றால் அந்த எண்ணில் பொய் இருக்காது. ஆனால் அது ரோலிலிருந்து அப்போதுதான் வெட்டிய புதுத் துணியின் எண். அதுவும் தையலே இல்லாத ஓர் இடத்தின் எண். ஜாக்கெட்டின் எண் அல்ல.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் தண்ணீர் என்பது ஒரு சதுர சென்டிமீட்டர்மேல் ஒரு கிலோ வைத்த மாதிரி. உங்கள் பை 10 கிலோ, அதை இரண்டு தோள்பட்டைகளும் ஒரு சாண் நீளத்துக்குத் தாங்குகின்றன என்றால் சராசரி அழுத்தம் அரை மீட்டர் தண்ணீருக்குக்கூட வராது. பட்டையின் விளிம்பிலும் தையல் மேட்டிலும் அது பல மடங்காகும், அப்போதும் 10 மீட்டரை எட்டுவது கடினம். சின்னக் கல் ஒன்றின்மேல் முழு எடையோடு முட்டி ஊன்றினால் எட்டும். ஆகவே நடக்கிறவருக்கு 10,000 எம்எம் உள்ள நல்ல ஜாக்கெட் தாராளமாகப் போதும். 20,000க்காக மட்டும் இரட்டை விலை கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்துக்குக் கெட்டியான வெளித்துணியும், தையல் ஓட்டைகளை மூட உள்பக்கம் ஒட்டும் அகலமான சீம் டேப்பும், நல்ல ஜிப்பும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கொடுக்கலாம்.

ஏனென்றால் ஜாக்கெட் ஒழுகுவது பெரும்பாலும் துணி வழியாக இல்லை. தையல் ஓட்டை, ஜிப், கழுத்து, மணிக்கட்டு, தலைமூடி கழுத்தோடு சேரும் இடம், இவைதான் வழி. இதற்காகவே லேப்களில் மழைக் கோபுரம் என்று ஒன்று உண்டு. முழு ஆடையையும் ஒரு பொம்மைக்குப் போட்டு, 5 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீரைக் கொட்டி, உள்ளே போட்ட பருத்தி உடையில் எங்கே ஈரம் என்று பார்ப்பார்கள். ஐரோப்பாவில் இதற்கு ஈஎன் 14360 என்று தனித் தரமே இருக்கிறது. விலை மலிவான ஜாக்கெட்டுகளில் இந்தச் சோதனை நடந்திருப்பது அபூர்வம். நீங்கள் அதைக் குளியலறையில் செய்யலாம். வெளிர் சாம்பல் நிறப் பருத்தி டிஷர்ட் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நிறத்தில்தான் ஈரம் பளிச்சென்று தெரியும். மேலே ஜாக்கெட், அதற்கு மேல் நீங்கள் எடுத்துப் போகும் அதே பை, அதே எடையோடு. பாக்கெட்டுகளில் டிஷ்யூ பேப்பர். ஷவருக்கு அடியில் 20 நிமிடம் நில்லுங்கள். சும்மா நிற்காமல் கையைத் தூக்குங்கள், குனியுங்கள், திரும்பிப் பாருங்கள், ஷூ லேஸ் கட்டுங்கள். அப்புறம் துடைத்துவிட்டு மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். கழுத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் ஈரம் இருந்தால் அளவு சரியில்லை, வெல்க்ரோவை இறுக்கினாலே சரியாகலாம். தோளில் நேர்கோடாக ஈரம் இருந்தால் டேப் ஒட்டவில்லை, திருப்பிக் கொடுங்கள். முதுகு முழுக்கப் பரவலாக ஈரம் என்றால் அது பெரும்பாலும் உங்கள் வியர்வை. நனைத்த ஜாக்கெட்டைக் கடை திரும்ப வாங்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் வாங்குவார்கள், பல இடங்களில் மாட்டார்கள்.

வியர்வை என்றதும் அந்த இரண்டாவது எண்ணுக்கு வருவோம். 10,000 கிராம், 20,000 கிராம் என்று போட்டிருப்பார்களே, ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எவ்வளவு நீராவி வெளியேறும் என்பது. இந்த எண்ணை வைத்து இரண்டு கம்பெனி ஜாக்கெட்டுகளை ஒப்பிடவே கூடாது. இதை அளக்க ஏகப்பட்ட முறைகள் இருக்கின்றன. கிண்ணத்தை நிமிர்த்தி வைத்து அளப்பது, கவிழ்த்து வைத்து அளப்பது, ஈரம் உறிஞ்சும் உப்பு வைத்து அளப்பது என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் எண் தரும். ஒரே துணியை இரண்டு முறைகளில் அளந்து ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம் வருவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். எந்த எண் பெரியதோ அதை லேபிளில் போடுவார்கள். ஒப்பிடத் தகுந்தது ஆர்ஈடி என்ற அளவு. ஐஎஸ்ஓ 11092 முறையில், வியர்க்கிற தோல் மாதிரி 35 டிகிரியில் ஈரமாக இருக்கும் ஒரு தட்டின்மேல் துணியைப் போட்டு, ஆவி வெளியேற எவ்வளவு தடை என்று பார்ப்பது. இதில் எண் குறைந்தால் நல்லது. 6க்குக் கீழே இருந்தால் மிக நன்று. 20ஐத் தாண்டினால் ஏறுகிறவருக்கு உதவாது. கம்பெனி ஆர்ஈடி கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள், கொடுக்காவிட்டால் கிராம் எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள்.

ஆனால் உங்கள் பயணத்துக்கு இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்படுகிற விமர்சனங்களில் இதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள், அவர்களுக்கு இந்தப் பிரச்சினை நம் அளவுக்கு இல்லை. மெம்பிரேன், அதாவது தண்ணீரைத் தடுத்து ஆவியை மட்டும் விடுகிற மெல்லிய உள்படலம், அதன் வழியாக ஆவியைத் தள்ளுவது உள்ளே இருக்கிற ஆவி அழுத்தத்துக்கும் வெளியே இருக்கிற ஆவி அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே. 35 டிகிரியில் வியர்வையில் நனைந்த தோலுக்கு மேலே ஆவி அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். இமாச்சலின் ஸ்பிட்டியில் 5 டிகிரி, காற்று பாதி உலர்ந்திருக்கிறது என்றால் வெளியே சுமார் 0.4தான், வித்தியாசம் 5க்கு மேல். ஜூலை அகும்பேயில் 24 டிகிரி, காற்றில் ஈரம் நிரம்பி வழிகிறது, வெளியே சுமார் 2.9, வித்தியாசம் 2.7. அதே ஜாக்கெட், அதே விலை, வேலை பாதிதான் நடக்கும். அதோடு வெளித்துணி ஊறிப்போய் ஈரப் போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டால் அந்தப் பாதியும் போச்சு. சூட்டில் ஏறும்போது நமக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்க்கும். எந்த மெம்பிரேனும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காலத்தில் இதைச் சமாளிக்காது. இது கம்பெனியின் குற்றம் இல்லை, இயற்பியல்.

அதனால் மழைக்காலத்து மலைக்கு நான் சொல்வது காற்று நுழைய இடம் உள்ள ஏற்பாடு. பையையும் சேர்த்து மூடுகிற தொளதொள பொன்ச்சோ, காற்றில்லாத காட்டுப் பாதைக்கு ஒரு உறுதியான குடை. தேயிலைத் தோட்டங்களில் நாள் முழுக்க மழையில் நிற்கிறவர்கள் உடம்போடு ஒட்டாத பிளாஸ்டிக் ஷீட்டைத்தான் சுற்றிக்கொள்கிறார்கள். சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு வயலில் இறங்கியவர்களும் முன்பக்கத்தைத் திறந்தேதான் வைத்திருந்தார்கள். மழையைத் தடுத்துக் காற்றை விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேட்டுப் புல்வெளியில் காற்று அடித்தால் குடையும் பொன்ச்சோவும் பறக்கும், அங்கே ஜாக்கெட்தான். ஜாக்கெட் எடுத்தால் அக்குளில் ஜிப் உள்ளதாக எடுங்கள். மழையில் உடம்பு நனையாமல் இருப்பது நடக்காது என்று ஏற்றுக்கொண்டு, நனைந்தாலும் குளிராமல் இருப்பதற்கும் இரவுக்கு ஒரு செட் உலர்ந்த துணி பத்திரமாக இருப்பதற்கும் வழி பாருங்கள். அந்த ஒரு செட்டைத் தண்ணீர் புகாத டிரைபேக்கில் வையுங்கள். டிரைபேக்கைச் சோதிப்பது சுலபம்: காற்றை நிரப்பி, வாயைச் சுருட்டி மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும்.

வெளித்துணி ஊறுவது பற்றிச் சொன்னேன். புது ஜாக்கெட்டில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவது துணியின்மேல் பூசிய ஒரு கெமிக்கல் பூச்சினால். இதைச் சோதிக்க, 45 டிகிரி சாய்வில் துணியை வைத்து 250 மில்லி தண்ணீரை மேலிருந்து தூவி, ஒட்டிய ஈரத்தைப் படத்தோடு ஒப்பிட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவோம். புதுத் துணி அநேகமாக 90, 100 வாங்கும். துவைக்கத் துவைக்க இறங்கும். இதில் இப்போது ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. பல பத்தாண்டுகளாக இந்தப் பூச்சு ஃப்ளோரின் கலந்த பிஃபாஸ் வகை. அது மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுகிறது என்பதால் ஒவ்வொரு நாடாகக் கட்டுப்படுத்தி வருகிறது. கலிஃபோர்னியா 2025 தொடக்கத்திலிருந்து புதுத் துணிகளில் தடை செய்துவிட்டது, கடும் மழைக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரை தவணை. இது நல்ல மாற்றம், நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் புதிய பூச்சு தண்ணீரைத் தள்ளுகிற அளவுக்கு எண்ணெயைத் தள்ளாது. தோலின் பிசுக்கு, சன்ஸ்கிரீன், சமையல் புகை எல்லாம் படிந்தால் அது பழையதைவிடச் சீக்கிரம் ஊறும். ஆகவே பழைய ஜாக்கெட்டைத் துவைக்காமல் வைத்திருந்த வழக்கத்தை விட்டுவிட்டு, புதியதை அடிக்கடி துவைக்க வேண்டும். சோப்பு மிச்சமில்லாமல் நன்றாக அலசி, லேபிள் அனுமதித்தால் மிதமான சூட்டில் மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி போட்டால் பூச்சு மறுபடி எழுந்துகொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவம் மட்டும் கூடவே கூடாது. வாங்கினதும் ஐந்து தடவை துவைத்து, அப்புறம் தோளில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கடையில் பார்ப்பதைவிட இது நிறையச் சொல்லும்.

முழுநேரப் பயணத்துக்கு நான் முதலிடம் தருவது எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதற்குத்தான். இரவு எட்டு மணிக்கு ஹோம்ஸ்டே பாத்ரூமில் துவைத்து, காலை ஆறு மணிக்குப் போட்டுக்கொள்ள முடியாத சட்டை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. சமையலறைத் தராசு இருந்தால் போதும், இதை வீட்டிலேயே லேப் தரத்துக்கு அளந்துவிடலாம். சட்டையை உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். நனைத்து, முறுக்கிப் பிழிந்து, துண்டில் சுருட்டி மிதித்து, மறுபடி எடை போடுங்கள். பிறகு ஃபேன் இல்லாத அறையில் தொங்கவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பருத்தி, ஒரு பாலியஸ்டர், ஒரு மெரினோ (மெல்லிய கம்பளி வகை) என்று மூன்றையும் ஒரே நேரத்தில் தொங்கவிட்டால் நான் சொல்லவே வேண்டாம், தெரிந்துவிடும். இதை மழை பெய்கிற நாளில் செய்யுங்கள்; மே மாத வெயிலில் எல்லாம் காய்ந்துவிடும், ஒன்றும் தெரியாது. கவனித்தால், காயும் நேரம் இழையின் வகையைவிடத் துணியின் கனத்தைப் பொறுத்திருக்கும். 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) உள்ள மெல்லிய மெரினோ, 220 ஜிஎஸ்எம் பாலியஸ்டரை முந்திவிடக்கூடும்.

இழையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. சாதாரணக் காற்றில் இருக்கும்போதே கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீதம் ஈரத்தை இழைக்குள் வாங்கி வைத்திருக்கும். பருத்தி 8, நைலான் 4, பாலியஸ்டர் 0.4. இதனால்தான் மெரினோ சற்று ஈரமானாலும் உடம்புக்கு ஈரமாகத் தெரிவதில்லை, பாலியஸ்டர் உடனே சில்லென்று ஒட்டுகிறது. நாற்றத்திலும் வித்தியாசம் உண்மை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி செய்தவர்களின் டிஷர்ட்டுகளை மோந்து பார்க்கப் பழகியவர்களிடம் கொடுத்தார்கள்; பருத்தியைவிடப் பாலியஸ்டர்தான் மோசமாக நாறியது, நாற்றத்தோடு தொடர்புடைய ஒருவகைப் பாக்டீரியா அதில் தழைத்ததும் தெரிந்தது. சந்தேகமானது எதுவென்றால், சில்வர் பூச்சு போட்டது, நாறவே நாறாது என்ற விளம்பரங்கள். லேப்பில் பாக்டீரியாவைக் கொல்வது நிஜமாக இருக்கலாம். இருபது முப்பது துவையலுக்குப் பின்னும் அக்குளில் அது வேலை செய்யும் என்பதற்கு லேபிள் உத்தரவாதம் தருவதில்லை. இதற்கு ஒரு எளிய வழி: துவைக்காமல் மூன்று நாள் தொடர்ந்து போட்டு நடங்கள், வீட்டில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள். நம் மூக்கு நமக்குப் பழகிவிடும், நம்ப முடியாது. என் கணக்குப்படி உங்களுக்கு இரண்டு மெல்லிய பாலியஸ்டர், ஒரு மெரினோ போதும். மழைக்காட்டில் பாலியஸ்டர், லடாக் குளிரில் மெரினோ.

தேய்மானத்துக்கு வருகிறேன். மார்ட்டின்டேல் என்ற மெஷினில் துணியைக் கம்பளித் துணியோடு ஆயிரக்கணக்கான சுற்றுகள் தேய்த்து எப்போது இழை அறுகிறது என்று பார்ப்போம். சீரான அழுத்தம், சுத்தமான துணி. நிஜத்தில் உப்பு காய்ந்த வியர்வையும் மண்ணும் சேர்ந்து பட்டைக்கு அடியில் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். அதனால் மெஷின் எண்ணை வைத்து இத்தனை மாதம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கே போகும் என்று சொல்லலாம்: தோளில் பட்டை படும் இடம், இடுப்புப் பெல்ட்டுக்குப் பின்னால், தொடையின் உட்பக்கம், முட்டி. உள்ளூரிலேயே பதினைந்து நாள் அந்தப் பையை மாட்டி, அந்தச் சட்டையைப் போட்டு, நடந்தும் பஸ்ஸிலும் போய் வந்து, இந்த நான்கு இடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்திருந்தால் தோற்றம்தான் கெடும். நூல் மெலிந்து வெளிச்சம் தெரிந்தால் அந்தத் துணி ஒரு வருடத்துக்கு வராது. சட்டையை உள்வெளியாகத் திருப்பித் தையலையும் இரண்டு கையால் இழுத்துப் பாருங்கள். பல் தெரிகிற மாதிரி தையல் விரிந்தால் வாங்கக்கூடாது.

நம் ஊருக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது, விமர்சனங்களில் அதைப் பற்றிப் படித்திருக்க மாட்டீர்கள். பாலியூரித்தேன் என்ற பொருள்தான் பல ஜாக்கெட்டுகளின் உள்பூச்சு, டென்ட்டின் பூச்சு, பல ஷூக்களின் நடு சோல். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதையும். உபயோகிக்காமல் பீரோவில் வைத்திருந்தாலும் சிதையும். பூச்சு முதலில் பிசுபிசுக்கும், புளித்த வாடை வரும், அப்புறம் வெள்ளைச் செதில்களாக உதிரும். ஷூ வெளியே புத்தம் புதிதாகத் தெரியும், மலையில் இரண்டு மணி நேரம் நடந்ததும் சோல் அப்படியே பெயர்ந்து வந்துவிடும். சென்னை மாதிரிக் கடலோர ஈரத்தில் இது வேகமாக நடக்கும். தள்ளுபடியில் கிடைக்கிற பழைய ஸ்டாக்கில் இதற்காகவே ஜாக்கிரதை தேவை. ஷூவின் உள்நாக்கில் தயாரிப்பு மாதம், வருடம் பெரும்பாலும் இருக்கும், பாருங்கள். நடு சோலைக் கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து எழ வேண்டும்; பொடி மாதிரி வெடித்தால் வேண்டாம். ஜாக்கெட்டின் உள்பக்கத்தில் ஓரமாகச் செலோ டேப் ஒட்டி மெதுவாகப் பிரித்துப் பாருங்கள், டேப்போடு பூச்சு வந்தால் அதன் காலம் முடிந்தது. பயணத்தின்போதும் ஈரமாகச் சுருட்டி வைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஷூவைப் பற்றி நான் நடந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வாட்டர்ப்ரூஃப் ஷூ இமயமலைப் பனிக்கு நல்லது. நம் மழைக்காட்டில் ஓடையைக் கடக்கும்போது மேல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது, இரண்டு நாள் ஆனாலும் காயாது. அங்கே வலைத்துணி வைத்த, தண்ணீர் வடிகிற ஷூதான் சரி. கால் மாலையில் வீங்கும் என்பதால் மாலையில், நீங்கள் போடப்போகும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். படிக்கட்டில் இறங்கும்போது பெருவிரல் முன்னால் போய் முட்டினால் அளவு சிறியது. எடையும் முக்கியம். காலில் கூடுகிற ஒரு கிலோ முதுகில் நான்கு முதல் ஆறு கிலோவுக்குச் சமமான சக்தியை எடுக்கும் என்று 1969லேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அளந்துவிட்டார்கள். வெள்ளியங்கிரியில் வெறுங்காலோடு ஏழு மலை ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்தால், பழகிய கால் எவ்வளவு பெரிய சாமான் என்று புரியும். ஷூவைப் பழக்குகிற அதே நாட்களில் காலையும் பழக்குங்கள். ஈரப் பாறையில் பிடிமானம் எப்படி என்பதை வீட்டில் சோதிக்க எனக்குத் தெரிந்து நல்ல வழி இல்லை. பாத்ரூம் டைல்ஸில் நின்று பார்ப்பது பாசி படிந்த பாறையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு முழங்கால் வரை வருகிற, நெருக்கமாக நெய்த துணியில் தைத்த உறை வாங்குங்கள். பின்னல் காலுறை வழியாக அட்டை நுழைந்துவிடும்.

குளிருக்கான சாமான்தான் வீட்டில் சோதிக்க முடியாத இன்னொன்று. ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கிற டிகிரி ஐஎஸ்ஓ 23537 முறையில் வந்ததா என்று மட்டும் பாருங்கள். சூடேற்றிய பொம்மையை உள்ளே படுக்க வைத்து அளப்பது அது. அதில் கம்ஃபர்ட் என்று ஒரு எண், லிமிட் என்று ஒரு எண் இருக்கும். கம்ஃபர்ட்டை மட்டும் கணக்கில் எடுங்கள். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைப்பதற்கான எண், தூங்குவதற்கானது இல்லை. இந்த எண்கள் எல்லாம் அடியில் நல்ல மேட் இருந்தால்தான் பொருந்தும். நம்மைப் போன்று கடலோரச் சூட்டில் வளர்ந்தவர்களுக்குக் கூடுதலாகக் குளிருமா என்று கேட்பார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் இது அனுபவம் மட்டுமே, அளந்து சொல்வதில்லை. இன்னும் ஐந்து டிகிரி அதிகக் குளிரைத் தாங்கும் பேக்காக எடுத்துக்கொள்வதில் நஷ்டம் இல்லை. வாத்து இறகு ஜாக்கெட் ஈரம் பட்டால் உப்பல் போய்ச் சூட்டையும் இழந்துவிடும். ஜூனில் அதைத் தூக்கிக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் அலைய வேண்டாம். குளிர்ச் சாமானை வீட்டில் கட்டி வைத்துவிட்டு, மணாலிக்குப் பார்சல் போடச் சொல்லுங்கள், அல்லது அங்கேயே வாடகைக்கு எடுங்கள். வாடகை ஸ்லீப்பிங் பேக்கைக் கையில் வாங்கினதும் தரையில் விரித்து அரை மணி நேரம் விடுங்கள். நன்றாக உப்பி எழாவிட்டால் வேறு கேளுங்கள்.

விமர்சனங்களைப் படிக்கும்போது எழுதினவர் அந்தச் சாமானை எத்தனை தடவை துவைத்தார், எந்த ஊர் மழையில் போட்டார், எவ்வளவு எடை சுமந்தார் என்று தேடுங்கள். இந்த மூன்றும் இல்லாத விமர்சனத்திலிருந்து அளவும் நிறமும் தவிர வேறு எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இலவசமாகப் பெற்றுக்கொண்டு எழுதுகிறவர்கள் பொய் சொல்வார்கள் என்று நான் சொல்லவில்லை; பெரும்பாலும் புதிதாக இருக்கும்போதே எழுதிவிடுகிறார்கள், அதுதான் குறை.

ஜூனுக்கு இன்னும் நேரம் இருப்பதால் ஜாக்கெட், ஷூ இரண்டையும் இப்போதே வாங்கி, ஷவர் சோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கிற தவணை அதற்குள்தான் இருக்கும். ஐந்து துவையல், பதினைந்து நாள் தேய்மானம் எல்லாம் அப்புறம். முதல் கோடை மழை பெய்யும்போது முழுப் பையோடு ஒரு நாள் வெளியே நடந்து, அன்று இரவு அந்தத் துணியையே துவைத்து மறுநாள் போட்டுக்கொண்டு திரும்பவும் நடங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கிற இரண்டு ஜாக்கெட்டுகளின் லேபிளில் எந்தச் சோதனை முறை எழுதியிருக்கிறது, உள்பக்கம் பூச்சா, ஒட்டிய மெம்பிரேனா என்று கீழே எழுதுங்கள். அதை வைத்து இரண்டில் எது என்று என்னால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.